சேங்கொட்டை மை

— முதல்ல அந்த ஏப்ரனைக் கழட்டச் சொல்லு. மிச்சத்தைப் பிறகு பேசுவோம்.

— ஏனுங்க, ஸ்கூலுக்குக் கிளம்புற நேரத்துலயா இந்தப் பேச்சு? புள்ளை மேல தலை வாரிட்டு இருக்கறா. காதுல விழப்போகுது.

— விழட்டும். கண்மணி, ஒன்கிட்ட நேரா ஒண்ணு கேக்கேன். இது ஒனக்கு எப்பத் தெரியும்?

— எதுங்க?

— அவ என்ன வேஷம் கட்டப் போறான்னு. நான் ஜெனரல் கோட்டு ஆர்டர் பண்ணி வச்சிருக்கேன். நீலக் கலரு, தங்கப் பட்டன், தோள்ல குஞ்சம். பெட்டி பிரிக்காமக் கிடக்கு. இங்கன பாத்தா மகாராணி சாக்குத்துணிப் பாவாடை கட்டி, இடுப்புல கூடையை வச்சிக்கிட்டு மாடிப்படி இறங்கி வாரா. என்னட்டி இதுன்னு கேட்டா, 'ஆர்மிக்குத் துணி துவைக்கிற லேடி அப்பா'ங்கா. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு.

— நின்னுபோன நெஞ்சுக்கு இவ்வளவு சத்தம் வராதுங்க.

— சிரிக்காத. மெழுகு பொம்மைக் கண்காட்சின்னா பெரிய ஆளுக வேஷம்தான கட்டுவாக? அமெரிக்காவுக்கு இருநூத்தம்பது வயசாச்சுன்னு ஊரே கொண்டாடுது. அஞ்சாம் கிளாஸ் பிள்ளைக ஜெனரலா நிக்கும், சுதந்திர சாசனத்துல கையெழுத்துப் போட்டவுகளா நிக்கும். நாம போயி முன்னால இருக்க பட்டனை அமுக்கினா பொம்மைக்கு உயிர் வந்து 'நான்தான் இன்னார்'னு பேசும். அதுல துணி வெளுக்குறவளுக்கு என்ன சோலி?

— சண்டையில சோல்ஜருக மட்டுமா இருந்தாங்க? அவங்க துணியை ஆருங்க துவைச்சது?

— அதை எங்கிட்டயே கேக்கியா?

— உங்ககிட்டத்தானுங்க கேக்கோணும். சரி, சரி. முறைக்காதீங்க.

— சவத்த விடு. இந்த வேஷத்தை யாரு குடுத்தா? சேனாபதி சார் வீட்டம்மாதான கிளாஸ் வாலண்டியர்?

— அவங்க ஜூஸ் பாக்கெட் கொண்டுவர்ற வாலண்டியருங்க. வேஷமெல்லாம் டீச்சரு.

— டீச்சர் காதுல யாரு போட்டா? தமிழ்ச் சங்கத்துல எல்லாரும் நாம யாருன்னு தெரிஞ்சிக்கிட்டுதான் இருக்காக. பொங்கல் விழால நடந்தது மறந்துபோச்சா ஒனக்கு?

— அந்த வேட்டிக் கதையா?

— கதையா அது? எங்கக்கா வெளுத்து மடிச்சு ஊர்லருந்து அனுப்பின வேட்டி. முனையில சேங்கொட்டை மையால, துணி எந்த வீட்டுதுன்னு காட்டுற குறி போட்டிருந்திருக்கா. நான் கவனிக்கல. சாப்பாட்டு வரிசையில நிக்கேன், சேனாபதி சார் குனிஞ்சு என் வேட்டி முனையைப் பிடிச்சுத் திருப்பிப் பாக்காரு. 'என்ன மாரிசாமி, இது யாரு போட்ட குறி?'ன்னு கேட்டுட்டு ஒரு சிரிப்பு. அத்தனை பேருக்கு முன்னால.

— அவரு எழவு வீட்டுலகூடச் சிரிக்கற மனுசனுங்க.

— அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் கண்மணி. பள்ளிக்கூடத்துல பாத்த சிரிப்பு. தட்டை அப்படியே வச்சிட்டு வந்துட்டேன்லா. அதுக்கு முன்னால அவரு கேட்டதெல்லாம் அடுக்கிப் பாரு. எந்த ஊரு? சங்கரன்கோவில். சங்கரன்கோவில்ல எங்கன? பக்கத்துல கிராமம். கிராமத்துல எந்தத் தெரு? தெருவை எதுக்குக் கேக்காகன்னு நம்மாளுக்குத் தெரியாதா?

— தெரியுமுங்க. என்னையும் கேட்டிருக்கறாங்க. எங்கய்யன் ஈரோட்டுல இஸ்திரிக்கடை வெச்சிருந்தாருன்னு சொல்லிப்போட்டேன்.

— சொல்லிட்டியா! யாருட்ட?

— யோகா கிளாஸ்ல ஒரு அக்காகிட்ட. 'அதான் உங்க சேலை மடிப்பு கத்தி மாதிரி நிக்குது'ன்னாங்க. அவ்வளவுதான். வானம் இடிஞ்சு விழுகலை.

— ஒங்கய்யன் டவுன்ல கடை போட்டு, கூலி வாங்கினாரு. எங்க வீட்டுல அப்படி இல்ல. ஒனக்குத் தெரியாது.

— சொன்னாத்தானுங்க தெரியும். கல்யாணம் ஆன நாள்லருந்து அந்தப் பேச்சு வந்தா வாயைப் பூட்டிக்கறீங்க. அக்காவை இங்க கூட்டிட்டு வரலாம்னு வருசாவருசம் சொல்றீங்க. டிக்கெட் போடற அன்னைக்கு ஒரு சாக்கு. ஏன்னு எனக்குத் தெரியாதா? அக்கா பார்க் பெஞ்சுல உக்காந்து போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் பேசிப்போடும்னு பயம் உங்களுக்கு.

— கோட்டுப் பெட்டியை வண்டியில போட்டுட்டேன். ஸ்கூல் வாசல்ல மாத்திக்கிடட்டும். பேசுறதுக்கு நானே எழுதியும் வச்சிட்டேன். 'நான் ஜெனரல். சண்டையில ஜெயிச்சேன். எல்லாருக்கும் நன்றி.' போதும்.

— ஒரு வாரமா கராஜ்ல பிராக்டிஸ் பண்ணியிருக்கறா புள்ளை.

— தொப்பு தொப்புன்னு கேட்டுச்சு. கூடைப்பந்துன்னு நினைச்சேன்.

— கூடைப்பந்தைத் தண்ணி வாளியில ஆருங்க அடிப்பாங்க?

— அம்மா! அப்பா! லேட் ஆகுது! நீங்க ஃபைட் பண்றீங்களா?

— இல்ல கண்ணு. அப்பா வழி கேட்டுட்டு இருக்கறாரு. ஏறு, ஏறு. கூடையை மடியில வெச்சுக்கோ.

— சீட்ல ஏதோ பெரிய பாக்ஸ் இருக்கே?

— அதைத் தள்ளி வச்சிட்டு உக்காரு. பெல்ட் போட்டியா? … யாமினி, அப்பா ஒண்ணு கேப்பேன். கோவப்படாமச் சொல்லணும். இந்த வேஷத்தை ஒனக்கு யாரு குடுத்தா?

— யாரும் குடுக்கல. நான்தான் சூஸ் பண்ணேன்.

— ஒன் இஷ்டத்துக்கா?

— எஸ். மிஸ் கேட்டாங்க, ஜெனரல் யாரு ஆகணும்னு. பாய்ஸ் எல்லாரும் கை தூக்கிட்டாங்க. சீட்டு எடுத்து தீபக் ஜெனரல் ஆயிட்டான்.

— சேனாபதி அங்கிள் பையனா?

— ம். கேர்ள்ஸ் எல்லாம் கொடி தைக்கிற லேடி. எத்தனை பேரு கொடி தைப்பாங்க அப்பா? ஒரு கொடிதானே! அப்புறம் லைப்ரரி புக்ல ஒரு பிக்சர் பாத்தேன். சோல்ஜர்ஸ் எல்லாம் முன்னாடி லைனா நிக்கிறாங்க. பின்னாடி ரொம்பக் குட்டியா ஒரு மரம், அதுல சட்டை காயுது. நான் மிஸ்கிட்ட கேட்டேன், அந்தச் சட்டையை யாரு துவைச்சாங்கன்னு. மிஸ்ஸுக்குத் தெரியல. நீயே கண்டுபிடின்னாங்க.

— கண்டுபிடிச்சியா?

— லேடீஸ். நிறைய லேடீஸ். என் ஏஜ் கேர்ள்ஸ்கூட. ஆர்மி பின்னாலயே நடந்து போயிருக்காங்க. மோரிஸ்டவுன்ல ஸ்னோல கேம்ப் போட்டாங்களே, அங்கயும் இருந்தாங்க. நாம ஆப்பிள் பிக்கிங் போற வழிதான் அப்பா அது! துவைப்பாங்க, சமைப்பாங்க, சிக் ஆனவங்களைப் பாத்துப்பாங்க. ஆனா அவங்களுக்கு ஹாஃப் ரேஷன்தான். கிட்ஸுக்கு அதுலயும் ஹாஃப்.

— பாதிச் சோறு.

— அதுவும் வேலை செஞ்சாத்தான். இன்னொண்ணு கேளுங்க. ஃபிலடெல்ஃபியால பெரிய பரேட். ஆர்மி மெயின் ஸ்ட்ரீட்ல டிரம் அடிச்சுட்டுப் போகுது. லேடீஸ் யாரும் கூட வரக்கூடாதுன்னு ஆர்டர். பாத்தா நல்லா இருக்காதாம். பின்னாடி ரோடு வழியா போகச் சொல்லிட்டாங்க.

— பின் தெருவு.

— தட்ஸ் சோ மீன், இல்ல?

— ம். கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். சொல்லு.

— ஆனா அவங்க கேக்கலையாம். மெயின் ஸ்ட்ரீட்டுக்கே வந்துட்டாங்கன்னு ஒரு புக்ல இருக்கு. எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சுது.

— சரி. மெழுகு பொம்மை 'நான்தான் இன்னார்'னு பேரு சொல்லணும்லா? ஒன் ஆளு பேரு என்ன?

— அதான் பிராப்ளம். முக்கால்வாசிப் பேருக்குப் பேரே எழுதி வைக்கல. ஜெனரலோட குதிரைக்குப் பேரு இருக்கு அப்பா. குதிரைக்கு! மிஸ் சொன்னாங்க, நீயே ஒரு பேரு வச்சுக்கோன்னு. வச்சுட்டேன்.

— என்ன பேரு?

— சர்ப்ரைஸ்.

— அது கிடக்கட்டும். துவைக்கிற விதமெல்லாம் எந்தப் புத்தகத்துல படிச்ச?

— படிக்கல. அத்தைக்கு வீடியோ கால் பண்ணேன்.

— ஏனுங்க, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.

— எந்த அத்தைக்கு?

— எனக்கு ஒரே அத்தைதானே. குருவத்தை. மெஷின் இல்லாம வேலை செஞ்ச ஒருத்தரை இன்டர்வியூ பண்ணணும்னு அசைன்மென்ட்ல இருந்துச்சு. அம்மாதான் அத்தைகிட்டக் கேளுன்னாங்க.

— கண்மணி!

— நாந்தானுங்க நம்பர் போட்டுக் குடுத்தேன். புள்ளை கேட்டா. தெரிஞ்சவங்களைக் காட்டினேன். இதுல ஒளிச்சு வைக்க என்ன இருக்குது?

— அத்தை வயக்காட்டு வேலை பாக்கான்னுல்லா இவகிட்ட நான் சொல்லி வச்சிருந்தேன்.

— ஆமா. அதான் நான் அத்தைகிட்டக் கேட்டேன், அத்தை நீங்க ஃபார்மர்தானேன்னு. அத்தை சிரிச்சாங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, 'ஆமா தாயி, ஊர்க் கொடியில விளைஞ்சதெல்லாம் நாந்தான் அறுவடை பண்ணேன்'னு. அப்பா, கிரீன். அப்பா! பின்னாடி ஹார்ன் அடிக்கறாங்க.

— போறேன், போறேன். … வேற என்ன சொன்னா?

— எல்லாம். நீங்க வாங்கிக் குடுத்த வாஷிங் மெஷின் மேல டிவி வச்சிருக்காங்களாம். நல்ல ஹைட்டாம்.

— தெரியும். அதுக்குப் பூப்போட்ட உறை தச்சுப் போட்டிருக்கா.

— அப்புறம் உவர்மண்ணு. அது ஒரு மாதிரி சோப் மண். இங்க ஆர்மி லேடீஸ் அடுப்புச் சாம்பல் யூஸ் பண்ணாங்க, அத்தை மண்ணு. பெரிய பானைல துணியை அடுக்கி, கீழ தீ வச்சு, ஆவில வேக வைக்கறது… வெல்லாவி.

— வெள்ளாவி. நாக்கை மடி. வெள்ளாவி.

— வெள்ளாவி. அப்புறம் துணியை அடிக்கும்போது மூச்சை உள்ள வச்சுக்கக் கூடாது. வெளிய விடணும். இல்லன்னா ஷோல்டர் போயிடும். இதோ இப்படி. ஸ்ஸ்ஸோ! ஸ்ஸ்ஸோ!

— என்னங்க? சித்தெ ஓரமா நிறுத்துங்க.

— ஒண்ணுமில்ல. கண்ணுல வெயிலு.

— வெயிலு நமக்குப் பின்னால இருக்குதுங்க.

— … அது எங்கக்கா சத்தம் கண்மணி. அச்சு அசல். விடியக்காலம் துறையில அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் நான் படிப்பேன். பாறை மேல புத்தகம், தண்ணிக்குள்ள அவ. நான் வாய்ப்பாடு சொல்லுததை நிறுத்துனா அவ அடிக்கிறதை நிறுத்திருவா. 'ஏல, வாய் என்ன மூடிக்கிடக்கு'ன்னு ஒரு அதட்டு. மறுபடி ரெண்டு பேரும் ஆரம்பிப்போம்.

— அத்தை சிக்ஸ்த்தோட ஸ்கூல் ஸ்டாப் பண்ணிட்டாங்களா அப்பா?

— அதையும் சொன்னாளா?

— நான்தான் கேட்டேன். ஏன்னு கேட்டதுக்கு, 'கைக்கு ஆள் இல்ல தாயி'ன்னாங்க. அப்படின்னா என்ன?

— எங்கம்மா செத்துப்போனா. ஊர்த் துணி நிக்குமா? ஆளு வேணும். வீட்டுல ரெண்டு பிள்ளைக. ஒண்ணு துறைக்குப் போகணும், ஒண்ணு பள்ளிக்கூடம் போகலாம்.

— யாரு டிசைட் பண்ணது?

— யாரும் பண்ணல. பேசக்கூட இல்ல. மறுநாள் காலையில அவ பை ஆணியில தொங்குச்சு. நான் என் பையை எடுத்துக்கிட்டுப் போனேன். என்னைய விட நல்லாப் படிப்பா.

— அது ஃபேர் இல்ல.

— இல்ல.

— இதெல்லாம் ஏன் என்கிட்ட சொல்லல? துணி துவைக்கறதுதானே. அது ஏன் சீக்ரெட்?

— …

— அம்மா, நான் தப்பாக் கேட்டுட்டேனா?

— இல்ல கண்ணு. சரியாத்தான் கேட்டிருக்கறே. அப்பா சொல்லுவாரு. அவருக்குக் கொஞ்சம் நேரம் குடு.

— துவைக்கிறதுல ஒண்ணும் இல்ல யாமினி. நாங்க எங்க துணியைத் துவைக்கல. ஊர்த் துணியைத் துவைச்சோம். வேற வேலைக்குப் போகக் கூடாது. கூலின்னு கையில எதுவும் தரமாட்டாக. சாயங்காலம் சட்டியைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயி நிக்கணும். முன்வாசல்ல இல்ல, பின்வாசல்ல. சோத்தை மேலருந்து போடுவாக. எல்லா வீட்டுக் கொழம்பும் ஒரே சட்டியில. மறுநாள் அந்த வீட்டுப் பையன் வகுப்புல எல்லார் முன்னாலயும் கேப்பான், 'எங்க வீட்டுக் கொழம்பு எப்படில இருந்துச்சு?'ன்னு. கேட்டுட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள்ள கிடக்கு.

— ஹாஃப் ரேஷன்.

— ம். அதேதான்.

— ஆனா அப்பா, அந்தப் பையன்தானே மீன்? நீங்க எதுக்கு ஒளிஞ்சுக்கறீங்க?

— ஸ்கூல் வந்துருச்சுங்க. அந்த லைன்ல போங்க.

— அப்பா, ஒண்ணு சொல்லணும். அத்தை கடைசியா என்கிட்ட கேட்டாங்க, 'இது ஒங்கப்பனுக்குத் தெரியுமா'ன்னு. இன்னும் இல்லன்னேன். ஃபோன் ஸ்டக் ஆயிடுச்சுன்னு நினைச்சு ஆட்டிப் பாத்தேன். அப்புறம் சொன்னாங்க, 'அவனுக்குச் சங்கடம்னா விட்டுரு தாயி. ராணி வேஷம் கட்டு. அத்தை கோவிச்சுக்கிட மாட்டேன்'னு.

— அப்படியா சொன்னா?

— ம். அதனால, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் ஜெனரல் கோட்டே போட்டுக்கறேன். இந்த பாக்ஸ்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஓரத்துல கிழிச்சுப் பாத்துட்டேன்.

— என்னங்க, நம்ம பின்னால வண்டி நிக்குது.

— நிக்கட்டும்.

— மஞ்சச் சட்டை போட்ட அம்மா கையை ஆட்டறாங்க.

— ஆட்டட்டும். யாமினி, பெட்டியைப் பிரி.

— ஓகே. … வாவ், பட்டன்ஸ்! போட்டுக்கவா?

— போட வேண்டாம். ஒன் கூடையில வை.

— கூடைலயா?

— துணி வெளுக்குறவ கூடையில ஜெனரல் துணி இல்லாமலா?

— ஆனா இது கோட் அப்பா. கம்பளிக் கோட்டை அவங்க துவைக்க மாட்டாங்க, பிரஷ்தான் பண்ணுவாங்க. சட்டையைத்தான் துவைப்பாங்க.

— பாத்தியா கண்மணி? அப்படியே எங்கக்கா. ஒரு சொல்லு சொல்லவிட மாட்டா. சரிட்டி, பிரஷ்ஷே பண்ணு. பண்ணினாலும் யாரு கோட்டுன்னு தெரிய வேண்டாமா? குறி போடணும்லா. மார்க்கர் இருக்கா?

— இருக்கு! இந்தச் சட்டைக்கெல்லாம் நானே போட்டிருக்கேன். அத்தை சொன்னாங்க, புள்ளி வந்து தெரு, கோடு வந்து வீடு. இது ரெண்டு புள்ளி, நாலு கோடு. ரெண்டாம் தெரு, நாலாவது வீடு. ஆனா ஜெனரல் எந்தத் தெரு?

— கொண்டா இங்க. உள்பக்கம் வெள்ளைத் துணியில போடணும். மூணு புள்ளி… கீழ ஒரு கோடு.

— யாரு வீடு அது?

— எங்கூர்ப் பெரிய வீடு. மூணாம் தெரு, மொத வீடு. அந்தக் குறி உள்ள துணியைத்தான் எங்கக்கா தனியா அடுக்குவா, தனியா வெளுப்பா. அதைத்தான் என் வேட்டியில போட்டு அனுப்பியிருந்தா. பிறகு ஃபோன்ல கேட்டதுக்கு, 'இனிமே நீதாம்ல பெரிய வீடு'ங்கா.

— அந்த வேட்டியையாங்க அலமாரிக்கு அடியில சுருட்டி வெச்சிருக்கறீங்க?

— அழிச்சுப் பாத்தேன். போகல. சேங்கொட்டை மை, வேட்டி கிழிஞ்சாலும் போகாது.

— போக வேண்டாமுங்க.

— ம். நீ வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திட்டு வா. நான் இவளைக் கூட்டிட்டு உள்ள போறேன். … கண்மணி.

— சொல்லுங்க.

— லீவுக்கு அவளை வரச் சொல்லணும். பெஞ்சுல உக்காந்து பேசுனா பேசட்டும்.

— அதை டிக்கெட் போட்டுட்டுச் சொல்லுங்க. இப்ப இறங்குங்க, அந்தம்மா வண்டியைத் தட்டறாங்க.

— அப்பா, உங்க கை ஏன் இவ்வளவு வேர்க்குது?

— வெயிலு.

— நாம ஜிம்முக்குள்ள வந்தாச்சு. இங்க ஏசி.

— சரிட்டி. எங்க நிக்கணும் நீ?

— இங்க. ஜெனரல்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் வாசல்கிட்ட. எனக்கு ஓரம்தான் குடுத்தாங்க. இப்ப நான் மெழுகு ஆயிடுவேன். பட்டன் அமுக்கினாத்தான் பேசுவேன். நீங்கதான் ஃபர்ஸ்ட். உங்களுக்கு மட்டும் தமிழ். அத்தைகூடச் சேந்து தயார் பண்ணது.

— எது பட்டன்? இந்தச் சிவப்புக் காகித வட்டமா?

— …

— யாமினி?

— …

— மெழுகாயிட்டியா? கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டேங்கா. சரி. அமுக்கிட்டேன்.

— என் பேரு குருவம்மா.

— …

— மோரிஸ்டவுன்ல பனி. சட்டையெல்லாம் சேறு, பேன், ரத்தம். நான் துவைச்சேன். என் கை வெடிச்சுப் போச்சு. சட்டை அழுக்கா இருந்தா நோய் வரும். நோய் வந்தா ஆர்மி இல்ல. ஆர்மி இல்லன்னா இந்த நாடு இல்ல. ஜெனரல் பேரு புத்தகத்துல இருக்கு. அவர் குதிரை பேரும் இருக்கு. என் பேரு இல்ல. அதனால இந்தப் பொண்ணு அவங்க அத்தை பேரை எனக்குக் குடுத்திருக்கா. பெரிய தெருவுல வராதேன்னு எனக்கு ஆர்டர் போட்டாங்க. வந்துட்டேன். ஸ்ஸ்ஸோ! ஸ்ஸ்ஸோ!

— அப்படிப் போடு! யாருடா இது, தமிழ்ல பேசுற மெழுகு பொம்மை? அட, நம்ம மாரிசாமி மகளா!

— வாங்க சேனாபதி சார்.

— பொங்கலோட ஆளே காணாமப் போயிட்டீங்களேப்பா. ஃபோன் அடிச்சாலும் எடுக்கிறதில்ல. மெசேஜ் போட்டாலும் பதில் இல்ல.

— வேலை சார்.

— எல்லாருக்கும் வேலைதான். என்னம்மா யாமினி, எங்க தீபக் அங்க வாளைப் பிடிக்கத் தெரியாம நிக்கிறான், நீ இங்க வெளுத்து வாங்குற?

— அங்கிள், பட்டன் அமுக்குங்க. ஃபுல்லாச் சொல்றேன்.

— வேணாம்மா, அங்கிட்டு நின்னே பூராக் கேட்டுட்டேன். அந்த மூச்சு… அடிக்கும்போது விட்டியே ஒரு மூச்சு. அது யாரு சொல்லிக் குடுத்தது? மாரிசாமி, உங்களைத்தான் கேக்குறேன்.

— எங்கக்கா சார். குருவம்மான்னு பேரு. சங்கரன்கோவில் பக்கத்துல கிராமம். ஊருக்கு வெளிய, ஓடைக்கரையில. அது தெருவே இல்ல, எங்க ஒரு வீடுதான். ஊருக்குத் துணி வெளுத்த வீடு. ரொம்ப நாளாக் கேட்டீகள்லா, எந்தத் தெருன்னு? அங்கனதான்.

— …

— அப்பா, அங்கிள் மெழுகு ஆயிட்டாரு.

— சும்மா இருட்டி.

— … அந்தக் கூடையைக் கொஞ்சம் குடும்மா. இது என்ன, கோட்டா? உள்ள ஏதோ எழுதியிருக்கு.

— குறி அங்கிள். அப்பா போட்டாரு. புள்ளி வந்து தெரு, கோடு வந்து வீடு.

— மூணு புள்ளி, ஒரு கோடு. வேட்டியிலயும் இதேதான் இருந்துச்சு.

— இருந்துச்சு சார். அதைப் பாத்துத்தான அன்னைக்குச் சிரிச்சீக.

— சிரிச்சேன். அத்தனை பேரு நின்னாங்க. வேற எதுவும் வரலப்பா எனக்கு.

— புரியல சார்.

— எங்கம்மா குறி போடும்போது தெருவுக்குக் கோடு வைப்பா, வீட்டுக்குப் புள்ளி. உங்க பக்கம் தலைகீழா மாரிசாமி?